தவிட்டுக்கு வாங்கிய பெயர்

கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்த அன்று சாயங்காலம் ஆயிஷா அக்கா ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைக்க வேண்டும். மஞ்சள் வைக்காத பத்திரிகையைக் குமாரபாளையத்தில் யாரும் மனமுவந்து கையில் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நானும் உதவிக்குப் போயிருந்தேன். பாதிக் கட்டு முடிந்தபின்தான் அவர் ஒன்றைப் பிரித்தார்.

"எம் புள்ள பேரு தங்கக் கலர்ல வந்திருக்குதான்னு பாக்கறேன்" என்றார்.

சுகன்யா என்ற பெயர் தங்கக் கலரில்தான் வந்திருந்தது. அதன் கீழே, 'திரு. செங்கோடன் – திருமதி ஆனந்தி ஆகியோரின் மகள்' என்று இருந்தது.

அக்கா அதை இரண்டு தரம் படித்தார். பிறகு இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் அப்படியே இருந்தது.

"ஆனந்தி ஆரு?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் ஆனந்தி என்று யாரும் இல்லை. அவர் கணவர் செங்கோடன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். நூல் மூட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவர் அவர். திரும்பாமலே பதில் சொன்னார்.

"ராசிபுரத்துக்காரங்க அப்படிப் போட்டாத் தேவலைன்னாங்க. நானும் செரின்னுட்டேன்."

ராசிபுரத்துக்காரர்கள் என்றால் மாப்பிள்ளை வீட்டார்.

ஆயிஷா அக்கா முஸ்லிம் இல்லை. இதை முதலில் சொல்ல வேண்டியிருப்பதே எனக்குக் கோபமாக இருக்கிறது. அவரைப் பற்றிப் பேசத் தொடங்குகிற எல்லோரும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றி, அதாவது தறி நாடாவுக்கான நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுத்து, ஒரு மகளைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தவர். அதெல்லாம் அப்புறம்தான். முதலில் அவர் ஏன் அந்தப் பெயரை வைத்திருக்கிறார் என்பதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

கணக்கு இதுதான். அவருடைய அம்மா அத்தாயிக்கு முதலில் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லை. நான்காவதாக இவர் பிறந்தபோது அத்தாயி இந்தப் பக்கத்து வழக்கப்படி குழந்தையை விற்றுவிட்டார். முறத்தில் கிடத்தி, பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிற இன்னொருத்தி கையில் கொடுத்து, ஒரு படி தவிடு வாங்கிக்கொள்வது. அதற்குப் பிறகு அது வாங்கியவள் பிள்ளை. பெற்றவள் பால் கொடுத்து வளர்த்துத் தருகிறாள், அவ்வளவுதான். சாவு வந்து வாசலில் கேட்டால், இது என் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு விற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வாங்கியவள்தான் பேர் வைக்க வேண்டும். அந்தப் பேரை மாற்றக் கூடாது. மாற்றினால் விற்றது செல்லாது.

ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அத்தாயிக்கு அடுத்த கதவு ஜைத்தூன்பீயுடையது. ஐந்து பிள்ளைகள் பெற்று ஐந்தும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. அத்தாயி வேறு யாரையும் யோசிக்கவில்லை. ஜைத்தூன்பீதான் தயங்கினாராம்.

"எனக்கு எங்க பேருதான் தெரியும் அத்தாயி. நாளைக்கு உம் புருசன் வையப்போறான்."

"நீ என்ன பேரு வேணா வெய்யி. இவ இருந்தாப் போதும்."

அதனால் ஜைத்தூன்பீ யோசித்து, ஆயிஷா என்று வைத்தார். அரபியில் அதற்கு உயிரோடு இருப்பவள், வாழ்கிறவள் என்று பொருள். வாழ்வதைக் குறிக்கும் வேர்ச் சொல்லிலிருந்து வந்த பெயர். நபிகள் நாயகத்தின் துணைவியார் ஒருவருடைய பெயர் என்பதால் இஸ்லாமியர் வாழும் நாடுகளில் எல்லாம் பரவி, உலகத்தில் பெண்களுக்கு மிக அதிகமாக வைக்கப்படும் பெயர்களில் ஒன்றாகிவிட்டது. துருக்கியில் ஆய்ஷே என்கிறார்கள். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஆஷா, மேற்கே ஐசத்து. கல்லூரியில் என் வகுப்பிலேயே மூன்று ஆயிஷாக்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. இணையத்தில் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் பெயர்களை மதம் மதமாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். தவிட்டுக்கு விற்கப்பட்ட குழந்தைக்கு எந்தப் பக்கம் என்று அதில் இல்லை.

மூன்று பிள்ளைகளைப் புதைத்த ஒருத்தியின் நான்காவது பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யார் வைத்திருக்க முடியும்? ஆனாலும் அந்தப் பெயருக்காக அவர் எதிர்கொண்ட கேள்விகளுக்கு அளவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை, உங்கப்பா மதம் மாறிட்டாரா என்று வகுப்பு முழுக்கக் கேட்கக் கேட்டார். வங்கியில், புருஷன் பேர் செங்கோடனா, லவ் மேரேஜா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு வீட்டுக்காரர் வீட்டைக் காட்டி முன்பணமும் பேசிவிட்டுப் பெயரைக் கேட்டதும் வீடு காலியில்லை என்றார். சுகன்யா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, வேறு யாரோ படுக்கை மாறிப் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு நர்ஸ் எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறார். அப்போது வலி வந்துகொண்டிருந்ததாம். "வலி எந்தப் பேருக்கு வந்தா என்னங்கன்னு கேட்டேன்" என்று அக்கா சொல்வார். சொல்லும்போது சிரிப்பார். எனக்கு ஒரு தடவையும் சிரிப்பு வந்ததில்லை.

அன்று சாயங்காலம் அவரும் சிரிக்கவில்லை.

"எதுக்குச் செரின்னீங்க?" என்று கணவரைக் கேட்டார்.

"ஒரு பேருதானே புள்ள. ஒரு மாசம் போனா பத்திரிகையே எங்க கெடக்குதோ."

"அப்ப உங்க பேரையும் மாத்தறதுதானே. ஜோசப்புன்னு போட்டிருக்கலாமல்ல."

"எதுக்கு எதப் பேசற?"

"ஏன், ஒரு பேருதானுங்களே."

செங்கோடன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அக்கா மகளைப் பார்த்தார். சுகன்யா ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் பாத்தியா அம்மிணி இதை?"

"எனக்கு முன்னாடியே தெரியும்மா." தலையை நிமிர்த்தவில்லை. "அவங்க சொந்தத்துல நோண்டி நோண்டிக் கேப்பாங்களாம். அவரே எங்கிட்ட சொன்னாரு. கல்யாணத்தன்னிக்கு மட்டும்தானே. கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

அவர் என்றால் மாப்பிள்ளை நந்தகுமார்.

அக்கா மிச்சமிருந்த பத்திரிகைகளுக்கும் ஒன்று விடாமல் மஞ்சள் வைத்து முடித்தார். மகள் கல்யாணம் அல்லவா. முடித்துவிட்டுக் கையைக் கழுவும்போது என்னிடம் கேட்டார்.

"நாளைக்கு எங்கூட அழைப்புக்கு வாரயா? இவ வரமாட்டா."

எங்கள் பக்கம் பத்திரிகையைத் தபாலில் போட்டாலோ போனில் அனுப்பினாலோ அழைத்ததாகக் கணக்கில்லை. பெண்ணைப் பெற்றவள் வீடு வீடாகப் போக வேண்டும். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் குங்குமம் கொடுத்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து, வாய் திறந்து கூப்பிட வேண்டும். அச்சடித்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

முதலில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போனோம். ஜைத்தூன்பீ இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். எழுந்து நடக்கச் சிரமப்படுகிறார். மருமகள் பத்திரிகையை வாங்கிச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பெயர் வந்த இடத்தில் கிழவி கையை நீட்டி நிறுத்தினார்.

"ஆனந்தி ஆருடி?"

"தெரியலீங்க பீயம்மா. எங்க ஊட்ல அப்படி ஆரும் இல்ல."

ஜைத்தூன்பீ மருமகள் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி மடித்தார். பிறகு அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"செரி உடு. கல்யாணம் நல்லா நடக்கட்டும். நான் இங்கிருந்தே துவா செஞ்சுக்கறேன். என்னையக் கொண்டுபோயி முன்னால உக்கார வெச்சா, இந்த முக்காட்டப் பாத்துட்டு மாப்பிள்ள எந்திரிச்சு ஓடிட்டான்னா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தன்னை வரவேண்டாம் என்று சொல்லத்தான் அந்தப் பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். கோபமே இல்லாமல் புரிந்துகொண்டிருந்தார். ஆயிஷா அக்காவின் முகம் மாறியது அப்போதுதான். முந்தின நாள் கணவரிடமும் மகளிடமும் பேசியபோதுகூட அப்படி மாறவில்லை.

"காசு குடுத்து வாங்கின மாட்டக்கூட ஆரும் அப்படி உட்டுக்குடுக்க மாட்டாங்க பீயம்மா. நீங்க தவிடு குடுத்திருக்கறீங்க. காரு அனுப்பறேன், வந்து ஏறிக்குங்க."

திரும்பிப் பாலத்தைத் தாண்டி வந்ததும் அடுத்த வீட்டில் தொடங்கினார்.

தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர் அவர். மெதுவாகப் பேசத் தெரியாது. தட்டை நீட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில், போன ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சைச் சொன்னார்.

"இதுல போட்டிருக்கற ஆனந்தி நான் இல்லீங்க. அவ ஆருன்னு எனக்குத் தெரியாது. நான் ஆயிஷா. சுகன்யாவப் பெத்தவ நான்தான். நான் வந்து கூப்படறேன். குடும்பத்தோட வந்துருங்க."

சிலர் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். சிலர் பத்திரிகையையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். செங்கோடனோடு லாரி ஓட்டுகிற காத்தான் மட்டும் வாய்விட்டுக் கேட்டார்.

"அப்ப எங்க செங்கோடனுக்கு ரெண்டு பொண்டாட்டியா தங்கச்சி?"

"அச்சாபீசுல அப்படித்தானுங்கண்ணா சொல்லியிருக்காரு."

காத்தான் சிரிக்கத்தான் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணின் அப்பனுக்கு ஆனந்தி என்று இன்னொருத்தி இருக்கிறாள், பெண் உண்மையில் அவளுக்குப் பிறந்தது, அதனால்தான் கட்டியவள் ஊர் ஊராகப் போய்ப் புலம்புகிறாள் என்று பேச்சு திரண்டது. நூல் மூட்டை போகிற வழியில் எல்லாம் அதுவும் போயிற்று. வாரம் முடிவதற்குள் ராசிபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா குஞ்சம்மாளும் அப்பா சென்றாயனும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். நல்ல வேளையாக அன்று ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். செங்கோடன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குஞ்சம்மாள் உட்காரவில்லை.

"ஏனுங்க சம்மந்தி, என்னங்க இது பேச்சு? ஆனந்தின்னு ஒருத்தி தனியா ஊடெடுத்து இருக்கறாளாமான்னு எங்க சனம் கேக்குது."

செங்கோடன் நாற்காலியை இன்னொரு தரம் துடைத்தார். அக்காதான் பதில் சொன்னார்.

"நானும் அவளத்தானுங்க தேடிட்டு இருக்கறேன். கெடச்சா மணவறைக்கே கூட்டியாந்துர்றேன். அவளே தார வாத்துக் குடுக்கட்டும்."

"நக்கல் பேசாதீங்க. இதெல்லாம் நீங்க ஊடு ஊடாப் போயிச் சொன்னதுதானே?"

"நான் எம்பேரச் சொன்னனுங்க. மிச்சத்த ஊரு சொல்லிக்கிச்சு."

"உங்க பேர அப்படியே போட்டா எங்க சனம் என்னங்க நெனைக்கும்? எங்கியோ கலந்த குடும்பம்னு நெனைக்காதா? எம் பையனுக்கப்பறம் ஒரு புள்ள இருக்குது, அதுக்கும் எடம் பாக்கோணும்."

இதைச் சொல்லும்போது குஞ்சம்மாளின் குரலில் அகம்பாவம் இல்லை, பயம்தான் இருந்தது. ஆனால் பயந்தவர்கள் செய்கிற காரியம் எப்போதும் இன்னொருவர் மேல்தான் விழுகிறது.

அக்கா அலமாரியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தை விரலால் காட்டினார்.

"'குப்பண்ணன் அவர்களின் பேரன்'னு போட்டிருக்குது. உங்க மாமனாருக்கு ஏனுங்க குப்பண்ணன்னு பேரு வெச்சாங்க?"

குஞ்சம்மாள் கணவரைப் பார்த்தார். சென்றாயன்தான் சொன்னார்.

"எங்கப்பனுக்கு முன்னால பொறந்தது எதுவும் தங்கலீங்க. அதனால குப்பமேட்டுல போட்டு எடுத்தாங்க. அந்தக் காலத்து வழக்கம்."

"எனக்கு முன்னால பொறந்ததும் தங்கலீங்க. எங்கம்மா என்னையக் குப்பையில போடல. ஒரு பொம்பள கையில குடுத்தா. அவ மடியில வாங்கி, இது பொழைக்கோணும்னு ஒரு பேரு வெச்சா." பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தார். "குப்பமேடு வெச்ச பேரு பத்திரிகையில மேல நிக்குது. மனுசி வெச்ச பேரு கீழகூட நிக்கக்கூடாதுங்களா?"

அதற்குள் ஸ்டவ்வில் காப்பிக்கு வைத்த பால் பொங்கியது. சுகன்யா ஓடிப்போய் இறக்கினாள். அவள் டம்ளர்களோடு வருவதற்குள் ராசிபுரத்துக்காரர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குடிக்காமலே போனார்கள்.

சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் போவது என்றால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம், அது எல்லோருக்கும் தெரியும். சுகன்யா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"எங் கல்யாணத்த நீயேம்மா கெடுக்கற."

"உங் கல்யாணம் நடக்கோணும்னா நான் இல்லாமப் போகோணுமா அம்மிணி?"

"இல்லாமப் போன்னு ஆரும்மா சொன்னாங்க?"

"பத்திரிகையில அப்படித்தான் போட்டிருக்குது. படிச்சுப் பாரு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சில நாட்கள் யாரும் யாரோடும் பேசவில்லை. அக்கா வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார். மகளின் தட்டில் அவள் கேட்காமலே இன்னொரு தோசையை வைத்தார். சுகன்யா அதைச் சாப்பிட்டாள், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று லைனில் எல்லோரும் எங்கள் வாசலில் வந்து கேட்டார்கள். நேராக அவரிடம் கேட்க யாருக்கும் தைரியமில்லை.

கடைசியில் ஆண்கள் பேசிக்கொண்டார்கள். சங்ககிரி பைபாசில் ஒரு டீக்கடையில் செங்கோடனும் சென்றாயனும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு வந்தார்கள். செங்கோடன் சிரித்த முகமாக வீட்டுக்குள் நுழைந்தார்.

"முடிஞ்சுது. பத்திரிகைதான் போனது போயிருச்சு. மண்டபத்து வாசல்ல வெக்கற பிளக்சுல ரெண்டு பக்கமும் அம்மா பேரே வேண்டாம்னுட்டோம். அப்பன் பேரு மட்டும். ஆருக்கும் மனத்தாங்கல் இல்ல பாரு."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லதுங்க. ரெண்டு அப்பனும் சேந்தே பெத்துக்கிட்டீங்களாட்ட இருக்குது."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அக்காவின் போன் அடித்தது. குஞ்சம்மாள். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். தறிக்கூடத்தில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது.

"ஏனுங்க, பிளக்சுல எம்பேரு இல்லியாமா? உங்களுக்குத் தெரியுங்களா?" என்றார் குஞ்சம்மாள்.

"தெரியுமுங்க. இப்பத்தான் சொன்னாரு."

"எம்பேர எதுக்குங்க எடுக்கோணும்? பெத்து வளத்து, வேலைக்கு அனுப்பி, பொண்ணுப் பாத்தது நானு. இந்த மனுசன் நிச்சயத்துக்குக்கூட தாமசமாத்தான் வந்தாரு. உங்க பேருல ஏதோ இருக்குது, செரி. எம்பேருல என்னங்க இருக்குது?"

"எம்பேருல உசுரு இருக்குதுங்க. உங்க பேருல என்ன கொறை இருக்குதுன்னு உங்க ஊட்டுக்காரரத்தான் நீங்க கேக்கோணும்."

மறுமுனையில் சத்தமில்லை. வைத்துவிட்டார் என்றே நினைத்தோம்.

"கூப்புட்டுக் கேக்கறேன்" என்றது குஞ்சம்மாளின் குரல், கடைசியில். "போடறதுன்னா நாலு பேரையும் போடட்டும். இல்லீனா வெறும் பேனரக் கட்டட்டும்."

அவர் ஆயிஷா அக்காவுக்காகப் பேசவில்லை. தனக்காகத்தான் பேசினார். தன் பெயரைத் தொட்ட பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரியவில்லை. அக்காவுக்கும் அப்படித் தெரிந்திருக்காது. போனை வைத்துவிட்டு, "பேரு வந்தாச் செரி" என்று மட்டும் சொன்னார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையில் மண்டப வாசலில் பிளக்ஸ் கட்டியிருந்தது. செங்கோடன் – ஆயிஷா. சென்றாயன் – குஞ்சம்மாள். சொந்தக்காரர்கள் வேனிலிருந்து இறங்கினார்கள், நின்று படித்தார்கள். துலுக்கப் பேராட்ட இருக்குதே என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். தவிட்டுக்கு வித்த புள்ளயாமா என்று வேறு யாரோ சொன்னார்கள். எங்க சின்னாயாளையும் அப்படித்தான் வித்தாங்க என்றது ஒரு குரல். பிறகு எல்லோரும் பந்திக்குப் போனார்கள். அக்கா அனுப்பிய காரில் ஜைத்தூன்பீ வந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து, வந்தவர்கள் நகையை எல்லாம் மருமகளிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தார். சுகன்யா மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் காலைத் தொட்டாள். அம்மாவிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அம்மாவும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை, மேளம் தொடங்குவதற்கு முன், செங்கோடன் புது வேட்டியில் மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வாசலைக் காட்டினார்.

"பாத்தியா? இத்தன சனம் படிச்சுது. ஒண்ணும் ஆகல."

ஆயிஷா அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். அவர் குரல் அன்றும் மெதுவாக இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"ஒண்ணும் ஆகாதுன்னா, அன்னிக்கு என்னைய எதுக்குங்க அழிச்சீங்க?"

செங்கோடன் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். மேடையிலிருந்து பெண்ணைப் பெற்றவளைக் கூப்பிட்டார்கள். கணவர் அங்கேயே நிற்க, அக்கா போனார்.